மருந்துக்கு ஒரு நாள், சோதனைக்கு ஒரு நாள்

யாழ்ப்பாணத்திலே எந்த நோயைப் பற்றியும் வேலியோரத்தில் நின்று பேசலாம். "எனக்கு இன்றைக்குச் சீனி நூற்றெண்பது" என்று படலையடியில் நின்று ஒருவர் சொல்வார். "எனக்குப் பிரஷர் கூடிப்போச்சு" என்று அடுத்த வளவிலிருந்து மறுமொழி வரும். வாதத்துக்கும், மூட்டு வலிக்கும், கண்ணில் விழும் படலத்துக்கும் நம்மிடம் சொற்கள் உண்டு. அச்சொற்களுக்கு ஆறுதலும் உண்டு. ஆனால் ஒருவகை நோய்கள் மாத்திரம் வேலிப் பொட்டுக்குள்ளாலும் வெளிவருவதில்லை. பாலுறவினால் தொற்றும் நோய்களைத்தான் சொல்லுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையில், குடும்பத்தார் எல்லோரும் படிக்கும் பக்கத்தில், இந்த விஷயத்தை எழுதலாமா என்று பலநாள் யோசித்தேன். குடும்பங்களில் நேர்வதைக் குடும்பங்கள் படிக்கும் பக்கத்தில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது என்ற முடிவுக்கு வந்தபின்னரே பேனாவை எடுத்தேன். நான் வைத்தியனல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வுகூடங்களில் இரத்தத்தையும் சலத்தையும் சோதித்து, இளைப்பாறி, இப்போது கொக்குவிலில் வாழைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பவன். அந்த அளவுக்கு உட்பட்டே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் பெற்றும், அடையாளங்களை மாற்றியுமே எழுதுகிறேன்.

ஒரு மாரிகாலத்து மாலை. என் தங்கையின் மகன் மோட்டார் சைக்கிளை மதிலோரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். தேநீர் வேண்டாமென்றான். மழைக்கோட்டின் உட்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து என் கையில் வைத்தான்.

"மாமா, இதைப் பாருங்கோ. ஊசி மூன்றும் போட்டாயிற்று. பிறகும் இப்படி வந்திருக்கிறது."

அது நகரிலுள்ள தனியார் ஆய்வுகூடமொன்றின் அறிக்கை. வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனை: பொசிட்டிவ். அருகில் 1:32 என்று எழுதப்பட்டிருந்தது.

மெல்ல மெல்ல அவனிடமிருந்து கதை வந்தது. வளைகுடா நாடொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு வந்து கலியாணம் முடித்தவன் அவன். மனைவி கருவுற்றபோது, வழக்கம்போலச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். இலங்கையிலே கருவுற்ற தாய்மார் எல்லோருக்கும் சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகிய இரண்டுக்கும் இலவசமாகச் சோதனை செய்வது நடைமுறை. அவளுடைய இரத்தத்தில் சிபிலிஸ் இருப்பது தெரிந்தது. கணவனையும் அழைத்துச் சோதித்தார்கள், அவனுக்கும் இருந்தது. வேறொரு வகைச் சோதனையாலும் உறுதி செய்துகொண்டு, யாழ். போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இருவருக்கும் வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம் பென்சிலின் ஊசி போட்டார்கள். அடுத்த சோதனைக்கு வர வேண்டிய நாளை அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள்.

அந்த நாள்வரை அவனுக்குப் பொறுமையில்லை. கடைசி ஊசி போட்டு இரண்டு கிழமையில், யாருக்கும் சொல்லாமல், தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தான். அங்கே காசை வாங்கினார்கள், தாளைக் கொடுத்தார்கள். தாளில் இருந்ததன் பொருளைச் சொல்ல அங்கே எவரும் இருக்கவில்லை. அவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனான். தாய் கண்டாள். "மருந்து போட்டும் மாறாத நோய் என்ன நோய்? வந்தவள் கொண்டுவந்த நோயோ?" என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிட்டது. அன்று மாலையே மருமகள் தன் தாய்வீட்டுக்கு, வட்டுக்கோட்டைக்கு, போய்விட்டாள்.

நான் உடனே ஒன்றும் பேசவில்லை. அவனைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

"தம்பி, மழை எப்போது விட்டது?"

"நேற்றிரவு."

"கிணற்றைப் பார்."

தண்ணீர் கட்டுக்குச் சற்றுக் கீழே தளும்பிக்கொண்டிருந்தது.

"மழை விட்ட மறுநாளே கிணறு இறங்குமோ? உன் இரத்தமும் அப்படித்தான். நோய்க்கிருமியை மழையென்று வைத்துக்கொள். பென்சிலின் அந்த மழையை நிறுத்திவிட்டது. ஆனால் இந்தச் சோதனை மழையை அளப்பதில்லை, கிணற்றை அளக்கிறது. கிருமியை எதிர்த்து உன் உடம்பு செய்த பொருள்கள் இரத்தத்தில் ஊறி நிற்கின்றன. அவை இறங்க மாதங்கள் செல்லும்."

1:32 என்ற எண்ணையும் விளக்கினேன். இரத்தநீரை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், எந்த மடங்குவரை சோதனை பலன் காட்டுகிறது என்று பார்ப்போம். 32 மடங்கு நீர்த்தும் காட்டினால் 1:32. சிகிச்சைக்குப் பின்னர் இது 1:8 ஆக இறங்கினால், அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், மருந்து வேலை செய்திருக்கிறது என்று வைத்தியர் கொள்வார். 1:32 இலிருந்து 1:16 க்கு வருவது ஒரு படிதான். அந்த ஒரு படி வித்தியாசம் சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். ஆகையால்தான் 6ஆம் மாதம், 12ஆம் மாதம் என்று நாள் குறிக்கிறார்கள். சில கிளினிக்குகளில் 3ஆம் மாதத்திலும் பார்ப்பார்கள். நெடுநாட் பழகிய நோயென்றால் 24ஆம் மாதம் வரையும் பார்ப்பதுண்டு. கருவுற்றவர்களுக்கு இன்னும் நெருக்கமாகப் பார்ப்பார்கள். ஒரே வகைச் சோதனையை, கூடுமானவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்தால்தான் ஒன்றோடொன்றை ஒப்பிடலாம். சிலருக்கு நோய் மாறிய பின்னரும் சிறிய எண்ணொன்று இரத்தத்தில் நின்றுவிடும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

முதலில் உறுதி செய்யப் பயன்பட்ட மற்றச் சோதனையோ, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் பொசிட்டிவ் என்றே காட்டும். அது அம்மைத் தழும்பு போன்றது. நோய் இருந்ததைச் சொல்லுமேயன்றி இருப்பதைச் சொல்லாது. வன்னிக் கிராமங்களை முன்னாளில் வாட்டிய 'பறங்கி' நோயின் கிருமி சிபிலிஸ் கிருமிக்கு மிக நெருங்கிய உறவு. அது சிறுபிள்ளைகளிடையே தோலோடு தோல் பட்டுப் பரவியது. பாலுறவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆயினும் இந்த இரத்தச் சோதனைகளால் அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. ஒரு தாளை மாத்திரம் வைத்துக்கொண்டு ஒருவருடைய ஒழுக்கத்துக்குத் தீர்ப்பெழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மருமகன் நெடுநேரம் கிணற்றுக் கட்டில் இருந்தான். பின்னர், "மாமா, அது என்னாலேதான் வந்திருக்க வேண்டும்" என்றான்.

எந்த நாளில் யாரிடமிருந்து தொற்றியதென்று இரத்தம் சொல்வதில்லை. முதற்புண் வலியின்றித் தோன்றித் தானாகவே மறைந்துவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மனச்சாட்சிக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை.

இங்கே நான் என்னுடைய குற்றமொன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவனுக்குப் புத்தி சொன்னதை மாத்திரம் எழுதினால் அது நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை செய்த ஓர் இடத்துக்கு இளைஞன் ஒருவன் வந்தான். இடத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. வெட்டை நோயின் அறிகுறி கண்டு, வெட்கத்தினாலே வைத்தியரிடம் போகாமல், மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கி இரண்டு மூன்று நாள் விழுங்கியிருக்கிறான். எரிவு தணிந்ததும், எல்லாம் மாறிவிட்டதா என்று பார்க்க வந்தான். மாத்திரை விழுங்கிய செய்தியை அவன் வாயாலேயே என்னிடம் சொன்னான். நுண்ணோக்கியில் நான் கிருமியைக் காணவில்லை. 'காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

எழுதியது பொய்யன்று. ஆனால் அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாமல் ஒளித்து வைக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியும். 'மருந்து வாயிலிருக்கும்போது செய்த சோதனையை நம்பாதே, வைத்தியரிடம் போ, உன் மனைவியையும் அழைத்துப் போ' என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். முடிவைக் கொடுப்பது என் வேலை, ஆலோசனை சொல்வது வைத்தியர் வேலை என்ற சட்டத்தை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். உண்மையில் சட்டத்தைவிட நாணமே என் வாயைக் கட்டியது. அவன் சிரித்துக்கொண்டு போனான். சில மாதங்களின் பின் அவன் மனைவி அடிவயிற்று வலியோடு வந்ததை நான் கண்டேன். கருக்குழாயில் அழற்சி என்று சீட்டில் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை இன்றுவரை மறக்கவும் முடியவில்லை.

அன்று சொல்லாத அரை நிமிடத்தை இன்று எழுதுகிறேன். மாணவர்களும் கவனிக்க வேண்டும்.

முதலாவது: சோதனை முன்னே, மருந்து பின்னே. நுண்ணுயிர்க் கொல்லி மருந்து எதையேனும் ஏற்கெனவே எடுத்திருந்தால், அது தொண்டை நோவுக்கு எடுத்ததாயிருந்தாலும், அதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. மருந்தின் பெயரையும் எடுத்த நாளையும் சொன்னால் எப்போது சோதிப்பதென்று அவர் தீர்மானிப்பார்.

இரண்டாவது: ஒவ்வொரு நோய்க்கும் நாள் வேறு. கிளமிடியா என்னும் தொற்றுக்கு இன்றைய சோதனை கிருமியின் மரபுப் பொருளைத் தேடுகிறது. செத்த கிருமியின் மிச்சமும் அதற்கு அகப்படும். ஆகவே சிகிச்சை முடிந்து ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு முன் மறுசோதனை செய்தால், மாறிய நோயை மாறாததென்று அது காட்டலாம். கருவுற்றவர்களுக்கு நான்கு வாரம் கழித்து இம்மறுசோதனை அவசியம். கொனோரியா என்னும் வெட்டை நோயில், தொண்டையில் தொற்றியிருந்தால் 7 முதல் 14 நாளில் மறுசோதனை செய்வார்கள். பிற இடங்களில் தொற்றியவர்களையும் இரண்டு வாரத்தில் வரச்சொல்லும் நாடுகள் உண்டு. இந்தக் கிருமி மருந்துகளை ஒவ்வொன்றாக வென்றுகொண்டு வருவதே அதற்குக் காரணம். சிபிலிஸின் கணக்கை மேலே சொன்னேன்.

மூன்றாவது: ஒன்று மாறியதனால் மற்றொன்று இல்லையென்று ஆகாது. நுண்ணுயிர்க் கொல்லிகளுக்கு எச்.ஐ.வி. அடங்காது. தொற்றுக்கு இடமான நாளிலிருந்து, இரத்தக் குழாயிலிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் செய்யும் புதிய வகைச் சோதனைக்கு 45 நாளும், விரல்நுனி விரைவுச் சோதனைக்கு 90 நாளும் கழிந்தால்தான் 'இல்லை' என்ற விடையை உறுதியாகக் கொள்ளலாம்.

நான்காவது: கணவனுக்கு மாத்திரம் மருந்து கொடுத்து மனைவியை விட்டால், ஓட்டை வாளியால் தண்ணீர் இறைத்த கதையாகும். இருவருக்கும் சிகிச்சை வேண்டும். கிளமிடியா, கொனோரியா இரண்டிலும் ஒரே வேளை மருந்தென்றால் அதன்பின் ஏழு நாளும், ஏழு நாள் மருந்தென்றால் அது முடியும்வரையும், இருவரும் மருந்தெடுத்து முடியும்வரையும் விலகியிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை சோதிப்பது நல்லது. அது மருந்தைச் சோதிப்பதன்று. நோய் மீண்டும் தொற்றியதா என்று சோதிப்பது.

ஐந்தாவது: மருந்தெடுத்தும் எரிவோ, ஒழுக்கோ, வலியோ நிற்காவிட்டால் மேற்சொன்ன நாட்கணக்கெல்லாம் பாராமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். குறித்த நாள்வரை காத்திருப்பது சுகமாயிருப்பவருக்கே உரியது.

மறுநாட் காலை நான் வட்டுக்கோட்டைக்குப் போனேன். மருமகள் விறாந்தையில் பாய் போட்டு இருத்தினாள். கிணற்றுக் கதையை அவளுக்கும் சொன்னேன். அமைதியாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"நோய்க்கு ஊசி போட்டார்கள், மாமா. மறைத்ததற்கு எந்த ஊசி?"

என்னிடம் மறுமொழி இல்லை. "அதை அவனே வந்து சொல்ல வேண்டும், பிள்ளை" என்றேன். "ஆனால் ஒன்று. நீ நாள் தவறாமல் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டபடியால் உன் பிள்ளைக்குக் காவல் கிடைத்திருக்கிறது. பேறுக்கு ஒரு மாதத்துக்கு முன்னரேனும் தாய்க்குப் பென்சிலின் கிடைக்க வேண்டும். உனக்கு எத்தனையோ மாதம் முன்னரே கிடைத்துவிட்டது."

அவள் அழுதது அப்போதுதான்.

தங்கையோடும் பேசினேன். "அண்ணை, அவளுக்காகப் பேச வந்தீர்களோ?" என்று கோபித்தாள். "உன் பேரப்பிள்ளைக்காகப் பேச வந்தேன்" என்றேன். மகனே தாயிடம் உண்மையைச் சொன்ன பின்னர் அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு சீப்பு கப்பல் வாழைப்பழமும் கையுமாக வட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். அங்கே என்ன பேசினார்களென்று நான் கேட்கவில்லை.

அவன் மனைவியிடம் சொன்னான். அவள் உடனே மன்னித்தாளென்று எழுதினால் கதைக்கு அழகாயிருக்கும். அவள் பேறுகாலம்வரை தாய்வீட்டிலேயே இருந்தாள். கிளினிக் நாள்களில் மாத்திரம் அவன் வந்து அழைத்துப் போவான். குழந்தை பிறந்தபோது அதற்கும் இரத்தம் சோதித்தார்கள். தாயின் எதிர்ப்பொருள் கொப்பூழ்க் கொடி வழியே குழந்தைக்கும் வருவதால் சிறிய எண் ஒன்று காட்டியது. இம்முறை எவரும் பதறவில்லை. அது இறங்குகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னார். ஆறு மாதத்துள் அது முற்றாக மறைந்தது. மருமகனுடைய எண் ஆறாம் மாதத்தில் 1:16. ஓராண்டு நிறைந்தபோது 1:8. அந்தத் தாளோடு அவன் வந்தபோது அவள் பின்னால் அமர்ந்திருந்தாள், மடியில் பிள்ளை.

1905ஆம் ஆண்டில் இந்தக் கிருமியைக் கண்டார்கள். 1906இல் இரத்தச் சோதனை பிறந்தது. 1928இல் பிளெமிங் பென்சிலினைக் கண்டார். 1943இல் அமெரிக்க வைத்தியர் மஹோனி அதைச் சிபிலிஸுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். குறைந்த அளவில் மருந்தெடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று 1945இல் நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே பிளெமிங் எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அந்தப் பெருமை, படலைதோறும் சைக்கிளில் போய்த் தாய்மாரைக் கிளினிக்குக்கு அழைத்த மருத்துவமாதர்க்கும் உரியது. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இன்றும் காசு கேட்பதில்லை; இரகசியமும் காக்கிறார்கள்.

1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் அன்றே தமிழில் பெயர் சொல்லி மாணவருக்குப் பாடம் நடந்த மண் இது. அந்த மண்ணிலே, ஒரு பிள்ளை தன் மாமனிடம் ஒரு தாளை நீட்டுவதற்கு மழையும் இருட்டும் வேண்டியிருக்கிறது.

வெளியே இப்போதும் மழை விட்டிருக்கிறது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். நீர் கட்டிலிருந்து ஒரு முழம் இறங்கியிருக்கிறது. இறங்குகிற காலத்தில் அது இறங்கும். நாள் தவறாமல் பார்ப்பது மாத்திரமே நம் கடமை.